எபிசோட் 41: போஸ்ட் போட்டது யாரு, பொறுப்பு யாரு?

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் நேரா ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

நீங்க ஃபாலோ பண்ற ஏதாவது ஒரு அரசியல்வாதியோட பக்கத்தைத் திறங்க. எந்தக் கட்சியா வேணா இருக்கட்டும். கடைசியா வந்த போஸ்ட்டைப் படிங்க. மெட்ரோல நின்னுக்கிட்டே கேக்கறவங்க உட்கார இடம் கிடைச்சதும் பாருங்க, அவசரமில்ல.

அந்தப் போஸ்ட்ல 'நான்'னு ஒரு வார்த்தை இருக்கலாம். இல்லன்னாலும் 'மகிழ்ச்சி அடைகிறேன்', 'தெரிவித்துக்கொள்கிறேன்'னு முடியும். அந்த 'கிறேன்' இருக்கே, அதுக்குள்ள ஒரு 'நான்' உட்கார்ந்திருக்கு. அந்த 'நான்' யாரு? இன்னிக்கு எபிசோட் முழுக்க அதைப் பத்தித்தான்.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தர் இப்ப ஒரு ஏஜென்சியில வேலை பாக்கிறார். கோட் எழுதறதில்ல, ஒரு அரசியல்வாதிக்குப் போஸ்ட் எழுதறார். யாருக்குன்னு அவர் சொல்ல மாட்டார், நானும் கேக்கல. வேலை எப்படி நடக்குதுன்னு மட்டும் கேட்டேன். காலையில ஒரு ஷீட்டைத் திறப்பாங்களாம். இன்னிக்கு யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு நினைவுநாள், என்ன பண்டிகை, எல்லாம் அதுல இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிராஃப்ட், ஒரு டிசைன். வாட்ஸ்அப் குரூப்ல போடுவாங்க. பி.ஏ. ஒரு கட்டைவிரல் போட்டாருன்னா போஸ்ட் போயிடும். திடீர்னு யாராவது தவறிட்டா அதுக்கும் டெம்ப்ளேட் ரெடி. 'அவரை இழந்து வாடும் குடும்பத்தினருக்கு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' பேரை மட்டும் மாத்தணும்.

"தலைவர் அதைப் படிப்பாரா?"ன்னு கேட்டேன். "சில நாள் நியூஸ்ல வந்தப்புறம் படிப்பார்"னு சொன்னார்.

முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் கோவமும் வந்துச்சு. அனுதாபத்தைக்கூட அவுட்சோர்ஸ் பண்றாங்களேன்னு. இதோட நிறுத்திக்கிட்டா 'எல்லாமே டுபாக்கூர், யாரையும் நம்பாதே'ன்னு சொல்லிட்டு எபிசோடை முடிச்சிடலாம். ஆனா எனக்கு அந்த முடிவு சரியாப் படல. ஏன்னு சொல்றேன்.

வேற ஒருத்தர் எழுதித் தர்றது புதுசில்ல

தலைவர்களுக்கு எழுதித் தர ஆள் இருக்கிறது சோஷியல் மீடியா காலத்துல வந்த பழக்கம் கிடையாது. அமெரிக்க அதிபர் கென்னடிக்கு டெட் சோரன்சன் இருந்தார். 1961 பதவியேற்பு உரையில சோரன்சனோட பங்கு எவ்வளவு, கென்னடியோட பங்கு எவ்வளவுன்னு இன்னிக்கும் பேசிக்கிட்டிருக்காங்க. ஆனா அதை வச்சு யாரும் அது கென்னடியோட உரையே இல்லன்னு சொல்றதில்ல. அவர் மேடையில நின்னார், அவர் வாயால சொன்னார், சொன்னதுக்கு அவரைத்தான் கேள்வி கேட்டாங்க.

மேடைப் பேச்சுல ஒரு வசதி இருக்கு. யார் எழுதியிருந்தாலும் அந்த ஆள் அங்க வந்து நின்னாகணும், ஒரு தடவையாவது அதை வாசிச்சாகணும். சோஷியல் மீடியாவுல அந்தக் கட்டாயம் போயிடுச்சு. தலைவர் தூங்கிக்கிட்டிருக்கும்போதே அவர் 'மனம் நெகிழ்ந்து' ஒரு போஸ்ட் போட முடியும்.

2009 நவம்பர்ல அதிபர் ஒபாமா சீனாவுக்குப் போனார். ஷாங்காயில மாணவர்களோட ஒரு கலந்துரையாடல். இணையச் சுதந்திரம் பத்தின கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தான் ட்விட்டரை உபயோகிச்சதே இல்லன்னு சொல்லிட்டார். அப்ப அவர் பேர்ல ஒரு ட்விட்டர் கணக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த நேரத்துல ட்விட்டர்ல இருந்த பெரிய கணக்குகள்ல அதுவும் ஒண்ணு. லட்சக்கணக்கான பேர் 'ஒபாமா நம்மகிட்ட பேசறார்'னு நினைச்சு ஃபாலோ பண்ணிக்கிட்டிருந்தாங்க. எழுதினது அவரோட ஊழியர்கள்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குச் சுவாரசியமா இருக்கு. 2011 ஜூன்ல, அடுத்த தேர்தலுக்கான வேலை ஆரம்பிச்ச சமயத்துல, அந்தக் கணக்கை நடத்தினவங்க ஒரு விதி கொண்டு வந்தாங்க. இனிமே கணக்கை ஊழியர்கள்தான் நடத்துவாங்க, ஆனா ஒபாமாவே எழுதற ட்வீட்டுக்குக் கீழ மட்டும் 'பி.ஓ.'ன்னு அவரோட இனிஷியல் இருக்கும். முதல் 'பி.ஓ.' ட்வீட் தந்தையர் தினத்தன்னிக்கு வந்துச்சு, அப்பாவா இருக்கிறது பத்தி.

ரெண்டே எழுத்து. செலவு எதுவும் இல்ல. ஆனா அந்த ரெண்டு எழுத்து வந்ததும், மத்த எல்லா ட்வீட்டும் நேர்மையாயிடுச்சு. 'இதை நான் எழுதல, என் ஆளுங்க எழுதினாங்க, என் பேர்ல வருது'ன்னு சொல்லாமலே சொல்லிட்டாங்க. 2012ல ஜெயிச்ச ராத்திரி, மிஷெல் ஒபாமாவைக் கட்டிப்பிடிச்சிருக்கிற ஒரு படம் அந்தக் கணக்குல வந்து அப்போதைய ரீட்வீட் சாதனையை உடைச்சது. அதைப் போட்டது ஒரு ஊழியர். கீழ இனிஷியல் கிடையாது. யாரும் ஏமாத்தப்படல.

கிட் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்ல

நம்ம ஆளுங்க நிறைய பேர் இதைக் கேக்கறீங்க, அதனால ஒரு ஆபீஸ் உதாரணம். கிட்-ல ஒவ்வொரு கமிட்டுக்கும் ரெண்டு பேர் இருக்கும். ஒண்ணு ஆதர், அதாவது எழுதினவர். இன்னொண்ணு கமிட்டர், அதாவது அதை உள்ள சேர்த்தவர். பெரும்பாலும் ரெண்டும் ஒரே ஆளா இருக்கிறதால நாம கவனிக்கறதில்ல.

லினக்ஸ் கெர்னல்ல இதுக்கு மேல இன்னொண்ணும் உண்டு. ஒவ்வொரு பேட்ச்சுக்குக் கீழயும் 'சைன்ட்-ஆஃப்-பை'ன்னு ஒரு வரி. 2004ல லினஸ் டோர்வால்ட்ஸ் கொண்டு வந்தது. அதுக்கு முந்தின வருஷம் எஸ்.சி.ஓ.ன்னு ஒரு கம்பெனி, லினக்ஸ்ல எங்க கோட் இருக்குன்னு வழக்குப் போட்டிருந்துச்சு. இந்தக் கோட் எங்கிருந்து வந்தது, யார் கை மாறி உள்ள வந்ததுன்னு காட்ட வேண்டிய நிலைமை. அப்ப வந்த வழக்கம்தான் இது. கை மாறுற ஒவ்வொருத்தரும் தன் பேரைப் போடணும். அதுக்கு அர்த்தம் 'இதை நான் எழுதினேன்'ங்கறது கிடையாது. 'இது எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும், இதைச் சேர்க்க எனக்கு உரிமை இருக்கு, கேட்டா நான் பதில் சொல்றேன்'ங்கறதுதான் அர்த்தம்.

எழுதறது ஒரு வேலை, பதில் சொல்றது வேற வேலை. அரசியல்வாதியோட போஸ்ட்டைப் பாக்கும்போது நாம முதல் கேள்வியை மட்டும்தான் கேக்கறோம். 'இதை அவரே எழுதினாரா, உண்மையாவே அவர் குரலா?' ரெண்டாவது கேள்விதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். அதுக்கு ஒரு ஆள் நல்ல உதாரணம்.

ஆண்ட்ராய்டு ட்ரம்ப், ஐபோன் ட்ரம்ப்

முன்னாடியெல்லாம் ட்வீட்டுக்குக் கீழ எந்தக் கருவியில இருந்து வந்ததுன்னு போட்டிருக்கும், ஞாபகமிருக்கா? 2022 கடைசியில மஸ்க் அதை எடுத்துட்டார். 2016 அமெரிக்கத் தேர்தல் நேரத்துல டாட் வசிரின்னு ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ஒண்ணைக் கவனிச்சார். ட்ரம்ப் கணக்குல ஆவேசமா வர்ற ட்வீட்டெல்லாம் ஆண்ட்ராய்டுல இருந்து வருது, சாதுவா வர்றதெல்லாம் ஐபோன்ல இருந்து வருது.

டேவிட் ராபின்சன்னு ஒரு டேட்டா சயின்டிஸ்ட் இதை எடுத்து, ஆர் மொழியில சுமார் 1,400 ட்வீட்டை அலசி, 2016 ஆகஸ்ட்ல தன் பிளாக்ல எழுதினார். டேட்டா வேலை பாக்கிறவங்க தேடிப் படிங்க, அருமையா இருக்கும். ஐபோன் ட்வீட்டுல படம், லிங்க், ஹேஷ்டேக், 'இந்த ஊர் கூட்டத்துக்கு வாங்க' மாதிரி அறிவிப்பு. ஆண்ட்ராய்டுல திட்டு, கிண்டல், கோவமான சொற்கள். கோவம், பயம், வெறுப்பு, சோகம் சம்பந்தப்பட்ட சொற்கள் ஐபோனைவிட 40லிருந்து 80 சதவீதம் அதிகம். ஆண்ட்ராய்டு ட்ரம்ப்போடது, ஐபோன் ஊழியர்களோடதுங்கறது அவர் வந்த முடிவு.

ட்ரம்ப்பை ஆதரிச்சவங்க சொன்ன முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு இதுதானே. 'மத்தவங்க மாதிரி இல்ல, மனசுல பட்டதை அவரே சொல்றார்.' ராபின்சனோட அலசல் ஒரு வகையில அதை உறுதிப்படுத்துது. ஆமா, அந்த ஆவேசமான குரல் நிஜமா அவரோடதுதான்.

ஆனா ரெண்டு விஷயம் நடந்துச்சு.

முதல் விஷயம், அந்த நிஜக்குரலையே ஆபீஸ்ல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 2018 மே மாசம் 'பாஸ்டன் குளோப்' ஒரு செய்தி போட்டது. வெள்ளை மாளிகை ஊழியர்கள் ட்ரம்ப்புக்காக எழுதற ட்வீட்ல அவர் பாணியைக் காப்பியடிக்கறாங்க, தேவையில்லாத இடத்துல பெரிய எழுத்து, ஆச்சரியக்குறி, இலக்கணப் பிழை எல்லாத்தையும் தெரிஞ்சே சேர்க்கறாங்கன்னு. யோசிச்சுப் பாருங்க. பிழை இருந்தா அவரே எழுதினதுன்னு ஜனங்க நம்பறாங்க, அதனால பிழையையும் டிசைன் பண்ணித் தர்றாங்க. இங்க நம்ம ஊர்லயும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு டீக்கடையில டீ ஆத்தற வீடியோ வரும்போது, கேமரா எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. எதார்த்தம்ங்கறது ஒரு ஸ்டைல். ஸ்டைலை யார் வேணா கத்துக்கலாம்.

ரெண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். 2017 டிசம்பர் முதல் தேதி, ட்ரம்ப்போட முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃப்ளின், எஃப்.பி.ஐ.கிட்ட பொய் சொன்னதா ஒத்துக்கிட்டார். மறுநாள் ட்ரம்ப் கணக்குல ஒரு ட்வீட். ஃப்ளின் துணை அதிபர்கிட்டயும் எஃப்.பி.ஐ.கிட்டயும் பொய் சொன்னதாலதான் அவரை வேலையை விட்டு எடுத்தேன்னு.

சட்டம் தெரிஞ்சவங்க நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. ஏன்னா, ஃப்ளின் மேல இருந்த விசாரணையை விட்டுடச் சொல்லி ட்ரம்ப் தன்கிட்ட கேட்டதா எஃப்.பி.ஐ. இயக்குநரா இருந்த ஜேம்ஸ் கோமி ஏற்கனவே சொல்லியிருந்தார். ஃப்ளின் எஃப்.பி.ஐ.கிட்ட பொய் சொன்னது தெரிஞ்சிருந்தும் ட்ரம்ப் அப்படிக் கேட்டிருந்தா, அது விசாரணையைத் தடுத்த குற்றமாப் போகலாம். ஒரு ட்வீட்ல அவ்வளவு கனம்.

அப்புறம் என்ன ஆச்சு? ட்ரம்ப்போட வக்கீல் ஜான் டௌட், அந்த ட்வீட்டை எழுதினது நான்தான்னு சொன்னார்.

அதே வருஷம் ஜூன்ல, வெள்ளை மாளிகையோட செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசர், அதிபரோட ட்வீட் எல்லாம் அதிகாரப்பூர்வ அறிக்கைதான்னு நிருபர்கள்கிட்ட சொல்லியிருந்தார். 2020 அக்டோபர்ல ரஷ்யா விசாரணை சம்பந்தமான ரகசிய ஆவணங்களையெல்லாம் வெளியிட அனுமதிச்சிட்டேன்னு ட்ரம்ப் ட்வீட் போட்டார். சரி, கொடுங்கன்னு செய்தியாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு. அதிபரோட தலைமை அலுவலர் மார்க் மெடோஸ் கோர்ட்ல எழுதிக் கொடுத்தார்: அந்த ட்வீட்டுகள் ஆவணங்களை வெளியிடச் சொல்ற உத்தரவு கிடையாது, அதை அதிபரே தன்கிட்ட தெளிவுபடுத்தினார்னு.

கைதட்டல் வரும்போது அது 'நான்'. கோர்ட் வரும்போது அது 'வெறும் ட்வீட்', இல்லன்னா 'வக்கீல் எழுதினது'.

நிஜமான குரல், ஆனா அதுக்குக் கீழ சைன்-ஆஃப் இல்ல. ஒபாமா கணக்குல பாதிக்கு மேல அவர் குரலே கிடையாது, ஆனா எது யாரோடதுன்னு சொல்லியிருந்தாங்க. எனக்கு எது மேல நம்பிக்கைன்னு கேட்டா, ரெண்டாவதுன்னுதான் சொல்வேன். ஒபாமா நல்லவர், ட்ரம்ப் கெட்டவர்ங்கற கணக்குல சொல்லல. 2009 வரைக்கும் ஒபாமா கணக்கும் நம்மளை ஏமாத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதைச் சரி பண்ணின விதத்தைத்தான் சொல்றேன்.

கடன் வாங்கின வாழ்க்கை

இன்னொரு கட்சியில இருந்தும் ஒரு உதாரணம் சொல்லணும், இல்லன்னா கமெண்ட்ல வந்து அடிப்பீங்க.

1987. ஜோ பைடன் அப்ப செனட்டர். அதிபர் வேட்பாளர் ஆகறதுக்கான போட்டியில இருக்கார். ஆகஸ்ட்ல அயோவா மாநிலக் கண்காட்சியில ஒரு விவாதம். முடிவுரையில தன் குடும்பத்துல தான்தான் முதல்ல காலேஜுக்குப் போனவர்ங்கற மாதிரியும், தன் முன்னோர் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்துல உழைச்சவங்கன்னும் உருக்கமாப் பேசினார்.

அந்தப் பேச்சு பிரிட்டன் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கோடது. கின்னக்கோட குடும்பம் நிஜமாவே வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் குடும்பம். பைடன் இதுக்கு முன்னாடி பல மேடையில கின்னக் பேரைச் சொல்லித்தான் அந்த வரிகளைச் சொல்லியிருந்தார். அன்னிக்குச் சொல்லல. போட்டியாளர் டுகாகிஸோட பிரசார மேலாளர், ரெண்டு பேச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்ச வீடியோ பத்திரிகைகளுக்குப் போறதுக்குக் காரணமா இருந்தார். செப்டம்பர் 23ஆம் தேதி பைடன் போட்டியில இருந்து விலகிட்டார். வீடியோவை அனுப்பின அந்த மேலாளரும் பதவி விலக வேண்டி வந்துச்சு.

வாக்கியத்தைக் கடன் வாங்கறது பெரிய பாவம்னு நான் நினைக்கல. பேரைச் சொல்லிட்டா போதும். ஆனா அவர் கடன் வாங்கினது வாக்கியத்தை மட்டும் இல்ல, அந்த 'நான்'ஐயும் சேர்த்து. இன்னொருத்தரோட தாத்தா பட்ட கஷ்டத்தைத் தன் தாத்தா கணக்குல எழுதிக்கிட்டார்.

அந்த விலகல் பேட்டியில ஒரு சின்ன இடம் இருக்கு. இந்த நிலைமைக்குத் தான் தள்ளப்பட்டதுக்காகத் தன் மேலயே கோவமா இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சு, பாதி வாக்கியத்துல நிறுத்தித் திருத்திக்கிட்டார். 'தள்ளப்பட்டேன்' இல்ல, 'என்னை நானே தள்ளிக்கிட்டேன்'ங்கற மாதிரி. இந்தத் திருத்தத்தை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில இதுக்குத் திரும்ப வருவேன்.

இறந்தவர் கையெழுத்துப் போட முடியுமா?

இப்ப நம்ம துறைக்கு வருவோம். இதுவரைக்கும் சொன்ன எல்லாத்துலயும் போலியா வந்தது எழுத்து மட்டும்தான். இப்ப குரலையும் முகத்தையும் நாம செஞ்சு தர்றோம். 'நாம'ன்னு சொல்றேன், ஏன்னா இதைக் கட்டறது நம்மள மாதிரி ஆளுங்கதான்.

2020 டெல்லி தேர்தல்ல பாஜகவோட மனோஜ் திவாரி ஹரியான்வியில பேசற மாதிரி ஒரு வீடியோ ஆயிரக்கணக்கான வாட்ஸ்அப் குரூப்ல சுத்துச்சு. அவர் அந்த வார்த்தைகளை அந்த மொழியில பேசவே இல்ல. கட்சியோட ஏற்பாட்டுல டீப்ஃபேக்கா செஞ்சது. பார்த்தவங்களுக்கு அது தெரியாது. ஓட்டுக்காக ஒருத்தர் என் மொழியைக் கத்துக்கிட்டு வந்திருக்கார்னு நினைச்சிருப்பாங்க. அந்த மரியாதை போலி.

2023 டிசம்பர்ல பாகிஸ்தான்ல இம்ரான் கான் ஜெயில்ல இருந்தார். அவர் கட்சி நடத்தின ஆன்லைன் கூட்டத்துல அவர் குரல் நாலு நிமிஷம் பேசுச்சு. ஏஐ குரல். ஆனா அவர் வக்கீல்கள் மூலமாக் குறிப்பு கொடுத்து அனுப்பினார், அதை வச்சு எழுதினதுன்னு கட்சி சொன்னது. இது ஏஐ குரல்னு வீடியோவுலயே போட்டாங்க. எனக்கு இதுல பெரிய நெருடல் இல்ல. குரல் போலி, ஆனா ஆள் உயிரோட இருக்கார், சம்மதம் கொடுத்திருக்கார், நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லல'ன்னு மறுக்கவும் அவரால முடியும்.

அடுத்த மாசம், 2024 ஜனவரியில, நம்ம ஊர்ல டி.ஆர்.பாலுவோட சுயசரிதை வெளியீட்டு விழா. திரையில கலைஞர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு. பாலுவைப் பாராட்டினார், மகனோட ஆட்சியையும் பாராட்டினார். கலைஞர் காலமானது 2018 ஆகஸ்ட் 7. பிப்ரவரியில, ஜெயலலிதா பிறந்தநாளுக்கு அதிமுக ஒரு ஆடியோ வெளியிட்டது. 2016ல மறைஞ்ச ஜெயலலிதா குரல்ல, இன்றைய கட்சித் தலைமைக்கு ஆதரவு கேட்டு. ரெண்டு பக்கமும் சமமா வந்துட்டதால யாரும் என்னைத் திட்ட வேண்டாம்.

எங்க பாட்டிக்கு அந்தக் கலைஞர் வீடியோவைக் காட்டினேன். ரசிச்சுப் பார்த்தாங்க. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "அவரைக் கேட்டாங்களா?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. கேட்கவே முடியாதுல்ல. கலைஞரோட அரசியல்ல பாதி, முரசொலியில 'உடன்பிறப்பே'ன்னு ஆரம்பிச்சு அவர் எழுதின கடிதங்கள். ஆயிரக்கணக்குல எழுதினார். இன்னிக்கு ஒண்ணு எழுதுவார், எதிர்க்கட்சிக்காரங்க மறுப்பு விடுவாங்க, அதுக்கு மறுபடி எழுதுவார். அவரோட நீங்க சண்டை போட முடிஞ்சுது. ஜெயலலிதாவோடயும் அப்படித்தான். திரையில வந்தவங்களோட அது முடியாது. அவங்க சொன்னதுக்கு விளக்கம் கேட்க முடியாது. 'மகன் ஆட்சி இந்த இடத்துல சரியில்ல'ன்னு கண்டிக்கற உரிமையும் அந்த உருவத்துக்குக் கிடையாது. ஸ்கிரிப்ட் எழுதினவர் நினைச்சதை மட்டும்தான் அது நினைக்கும்.

நினைவஞ்சலியா, இது ஏஐன்னு எல்லாருக்கும் தெரிய, ஒரு நெகிழ்ச்சிக்காகச் செஞ்சா எனக்குப் பரவாயில்ல. ஆனா இன்னிக்கு ஆட்சிக்கோ தலைமைக்கோ சான்றிதழ் வாங்க அதைப் பயன்படுத்தும்போது, பதில் சொல்ல ஆளில்லாத ஒரு கையெழுத்தை நாம ஏத்துக்கறோம். பத்திரப் பதிவு ஆபீஸ்ல இறந்தவர் கையெழுத்து வந்தா என்ன சொல்வோம்?

செய்வினையும் செயப்பாட்டு வினையும்

கடைசியா ஒரு தாள் பத்திச் சொல்லி முடிச்சிடறேன்.

1944 ஜூன் 5. மறுநாள் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸோட நார்மண்டி கரையில இறங்கணும். தளபதி ஐசனோவர். பின்னாடி அமெரிக்க அதிபர் ஆனவர். வானிலை சந்தேகமா இருக்கு, போகலாம்னு முடிவெடுத்தது அவர். ஜெயிச்சா வெளியிட வேண்டிய அறிக்கை ரெடி. அன்னிக்கு அவர் ஒரு சின்னத் தாள்ல பென்சிலால, தோத்துட்டா வெளியிட வேண்டிய குறிப்பை எழுதினார். நாலே வாக்கியம். மடிச்சுப் பர்ஸ்ல வச்சுக்கிட்டார். பதட்டம் எவ்வளவுன்னா, ஜூன் 5க்குப் பதிலா ஜூலை 5ன்னு தேதி போட்டிருக்கார்.

அந்தத் தாள் இன்னும் இருக்கு. அதுல அடித்தல் திருத்தல் தெரியும். படைகள் திரும்பப் பெறப்பட்டனங்கற மாதிரி முதல்ல எழுதி, அதை அடிச்சிட்டு, படைகளை நான் திரும்பப் பெற்றேன்னு மாத்தியிருக்கார். கடைசியில, படைவீரர்கள் செய்ய முடிஞ்ச எல்லாத்தையும் செஞ்சாங்க, தப்பு ஏதாவது இருந்தா அது என் ஒருத்தனோடதுங்கற பொருள்ல முடிச்சிருக்கார்.

படையெடுப்பு ஜெயிச்சது, குறிப்பு தேவைப்படல.

எட்டாவதுல செய்வினை, செயப்பாட்டு வினைன்னு படிச்சோமே, எதுக்குன்னு அப்பப் புரியல. 'தவறு நடந்துவிட்டது.' யார் செஞ்சா? 'கருத்து திரித்துப் பரப்பப்படுகிறது.' யார் பரப்பறா? 'அந்தப் பதிவு நீக்கப்பட்டது.' யார் போட்டா, யார் நீக்கினா? நம்ம தலைவர்களோட போஸ்ட்டைக் கவனிச்சுப் பாருங்க. பாலம் திறக்கும்போது 'திறந்து வைத்தேன்'னு இருக்கும். பாலம் விழுந்தா 'விபத்து நேர்ந்துள்ளது'ன்னு இருக்கும். 'நான்' எப்ப வருது, எப்ப காணாமப் போகுதுன்னு பாருங்க. பைடன் பாதி வாக்கியத்துல திருத்தினாரே, ஐசனோவர் பென்சிலால அடிச்சாரே, ரெண்டும் அந்த 'நான்'ஐத் திரும்பக் கொண்டு வந்து வச்ச இடங்கள்.

அதனால அடுத்த தேர்தல்ல ஓட்டு போடப் போறவங்க, முக்கியமா முதல் தடவை போடப் போறவங்க, ஒரு தலைவரோட பக்கத்தைப் பாக்கும்போது 'இவர் எதார்த்தமானவரா, நம்மள மாதிரி பேசறாரா'ன்னு மட்டும் பார்க்காதீங்க. அதை ஏஜென்சியில செஞ்சு தருவாங்க, இப்ப மெஷினும் செஞ்சு தரும். பழைய போஸ்ட்டைத் தோண்டுங்க. அவர் சொன்னது தப்புன்னு ஆன ஒரு நாளைத் தேடுங்க. மழை, வெள்ளம், கூட்ட நெரிசல், பொய்யாப்போன வாக்குறுதி, எதுவா வேணா இருக்கட்டும். அன்னிக்கு அந்தக் கணக்குல என்ன வந்துச்சு? அட்மின் போட்டுட்டார்னு வந்துச்சா, ஒண்ணுமே வராம அடுத்த நாள் பண்டிகை வாழ்த்து வந்துச்சா, இல்ல 'கிறேன்'ல முடியற ஒரு வாக்கியம் வந்துச்சா?

ஏஜென்சியில இருக்கிற நண்பர்கிட்டயும் இதைக் கேட்டேன். "இத்தனை டெம்ப்ளேட் வச்சிருக்கீங்களே, மன்னிப்புக்கு இருக்கா?" கொஞ்ச நேரம் யோசிச்சார். "அதுக்கு மட்டும் அவர்கிட்டதான் கேக்கணும்"னார்.

அந்த ஒரு போஸ்ட்டையாவது அவரே எழுதணும். நம்ம எதிர்பார்ப்பு அவ்வளவுதான்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, கட்சி விஷயத்துல உங்களோட சண்டை போடற ஒரு நண்பருக்கு அனுப்புங்க. மாற்றுக் கருத்து இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, உங்க சொந்தக் குரல்ல. அடுத்த வாரம் சந்திப்போம்.